இரண்டாவது சக்களத்தி

அவளுக்கு அந்த பஸ் டிரைவரைக் கண்டாலே ஆகாது.

ஆள் தங்கம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடியை விட்டுப் பல வருஷமாகிறது. தான் விட்டதோடு நிற்காமல் இன்னும் எத்தனையோ பேரை விட வைத்திருக்கிறார். அந்த எத்தனையோ பேரில் அவள் புருஷனும் ஒருவன். ஆகவே அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருடைய எண்ணமும். அவளுக்கோ போனில் அவர் குரல் கேட்டாலே வயிறு பற்றி எரிந்தது.

புருஷன் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிப்ட் நின்றுபோனால் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று, இருட்டுக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவன். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கனமான பிரேமை மாட்டி, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” என்று நாள் பூரா கேட்க வேண்டும். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு வீடு, சின்னதாக ஒரு பால்கனி.

சாயங்காலம் இரண்டு பேரும் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து டிரைவர் கூப்பிடுவார். பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்துக்கொண்டு அவன் பால்கனிக்குப் போய்விடுவான். கதவு சாத்திக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கம்பியில் சாய்ந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரியும். சில நாள் வாய்விட்டுச் சிரிப்பான். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, இப்போது ஒரு பஸ் டிரைவர் கூப்பிட்டதும் வெளியே வருகிறது. பேசி முடித்து உள்ளே வந்து, ஆறிப்போன சாப்பாட்டின் முன்னால் உட்காருவான்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்பாள்.

“ம்.”

அவ்வளவுதான் அவள் பங்கு.

அக்காவிடம் சொல்லிப் புலம்பினாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏண்டி, போயும் போயும் ஒரு தொப்பைக்கார டிரைவர் மேலயா உனக்குப் பொறாமை? பொம்பளையா இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கு.”

“பொம்பளையா இருந்தா நேரா போய் முடியைப் பிடிச்சு ரெண்டு குடுத்துட்டு வந்திருப்பேன்க்கா. இவரை என்ன பண்றது? இவ்வளவு நாள் பாட்டில்தான் எனக்குச் சக்களத்தின்னு நெனச்சுட்டிருந்தேன். அவ ஒரு வழியா ஒழிஞ்சான்னு பார்த்தா, மீசை வச்ச சக்களத்தி ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “புருஷன் குடிக்காம வீட்டுக்கு வர்றான். அதை விட்டுட்டு வேற என்னடி வேணும் உனக்கு?” என்றாள்.

என்ன வேண்டும் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேண்டியிருந்தது.

குடித்த வருஷங்கள் முழுவதும் கூடவே இருந்தவள் அவள். சாவி துவாரத்தைத் தேடித் தடவுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். அவனுடைய சூப்பர்வைசரிடம் காய்ச்சல் என்றும் வயிற்றுப்போக்கு என்றும் அவள் சொல்லாத பொய் இல்லை. அழுதிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், திரும்பியும் வந்திருக்கிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவன் மாடிப்படியில் உருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டுக்கு இந்த டிரைவர் வந்தார். வாராவாரம் வந்து குடி நோயாளிகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவது அவர் வழக்கமாம். அவள் மாத்திரை வாங்கக் கீழே போய்விட்டு வருவதற்குள் அவர் பேசி முடித்துக் கிளம்பிவிட்டார். கட்டிலில் புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

“நான் விட்டுடறேன்” என்றான்.

சொன்னபடியே விட்டான்.

“அப்படி என்னதான் சொன்னார்?” என்று பிறகு ஒரு நாள் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலை. அவர் கதையைச் சொன்னார்.”

“என் கதை உங்களுக்குக் கதையா தெரியலையா?”

அன்றைக்கு விழுந்த பொறிதான் உள்ளே அணையாமல் கிடந்தது.

குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிற கூட்டம் நடப்பது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வருஷத்தில் ஒரு முறை குடும்பத்தாரையும் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் அவன் பேச வேண்டிய முறை. “நீயும் வா” என்றான். கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, நல்ல புடவை கட்டி, தலையை வழித்து வாரிக்கொண்டு போனாள். நாலு பேர் முன்னால் தன் பெயர் வரப்போகிறது என்று மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. வட்டத்துக்கு வெளியே, குடும்பத்தாருக்குப் போட்டிருந்த பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

அவன் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் ஒரு குடிகாரன்” என்று ஆரம்பித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் என்ன குடிகாரன்? ‘அவர் இப்பல்லாம் தொடறதே இல்லை’ என்று அக்கம்பக்கத்தில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள் அவள். இவன் என்னடாவென்றால் ஊர் கூட்டி வைத்து இப்படிச் சொல்கிறான்.

அவன் பேசிக்கொண்டே போனான். ஒரு மத்தியானம், நிறையக் குடித்திருந்த நிலையில், ஒரு பெரிய கட்டடத்தில் லிப்டின் கூரை மேல் நின்றதைச் சொன்னான். கீழே குழி கறுப்பாகத் தெரிந்ததாம். ஒரு காலைப் பின்னால் வைத்தால் போதும், எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்றியதாம். காலை எடுக்கவும் எடுத்தானாம். அந்த நேரம் பார்த்து மேலே இருந்து கூட வேலை செய்கிறவன், “டீ சொல்லட்டுமா?” என்று கத்தினானாம்.

“‘சொல்லு’ன்னேன். அப்புறம் டீ வந்துடுச்சு” என்றான்.

வட்டத்தில் எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, தெரிந்தவர்களின் சிரிப்பு. டிரைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், ஏற்கெனவே பல முறை கேட்ட விஷயத்தைக் கேட்பதுபோல. அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

“எனக்கு மறுபிறவி குடுத்தது அண்ணன்தான்” என்று அவன் டிரைவரைக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். “என் வீட்டுக்காரியும் வந்திருக்கா” என்றான். அதற்கும் தட்டினார்கள். வீட்டுக்காரியும். அந்த ‘உம்’ அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

முடிந்ததும் டிரைவர் காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்து நீட்டினார். பெரிய உருவம், பெரிய கை. கோப்பை அந்தக் கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. “தங்கச்சி, நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம்” என்றார். கூடப் பிறந்தவர் மாதிரி தங்கச்சியாம். வாங்கி, ஒரு வாய் கூடக் குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் படியேறிக் கதவைத் திறந்ததும் கைப்பையை வீசினாள்.

“குழியில விழப் பார்த்தீங்களா?”

“அது எப்பவோ நடந்தது.”

“எப்பவோ நடந்தது அந்த டிரைவருக்குத் தெரியுது. அங்க வர்ற முடிவெட்டறவருக்குத் தெரியுது. அங்க உட்கார்ந்து பிஸ்கட் தின்ன அத்தனை பேருக்கும் தெரியுது. கூடப் படுத்து எழுந்திருக்கிற எனக்குத் தெரியலை.”

“உன்கிட்ட சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா? நான் வேலைக்குக் கிளம்பறப்போ எல்லாம் பயந்துட்டே இருந்திருப்பே.”

“நான் என்னைக்குத் தூங்கினேன்?”

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குச் சரியாயிடுச்சா, இல்லையா?”

“குடிக்கலையே.”

“நான் கேட்டது அது இல்லை. சரியாயிடுச்சான்னு கேட்டேன். ஒருத்தருக்குக் காலு முறியுது. கட்டுப் போடறாங்க, பிரிக்கறாங்க, நடக்கறாங்க. அப்புறமும் வாராவாரம் டாக்டர் வாசல்ல போய் நின்னு ‘நான் ஒரு கால் முறிஞ்சவன்’னு சொல்லிட்டிருப்பாங்களா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

“சரியாயிடுச்சுன்னா அங்க போகாதீங்க. அந்தாளு போனை எடுக்காதீங்க. சரியாகலைன்னா, இத்தனை நாள் நான் ஊர்கிட்ட சொன்னதெல்லாம் பொய். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் ஏறிய நகக்கண். “சரி, போகலை” என்றான்.

அவன் சொன்னால் சொன்னதுதான். மறுநாளே டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டான் போல, போன் நின்றுவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. சாயங்காலம் முழுக்க அவளுக்கே. பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது.

ஆனால் அந்தச் சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பிரித்துப் போட்டு மாட்டினான். பிரிட்ஜைத் திறப்பான், பார்ப்பான், மூடுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்த் திறப்பான். “என்ன வேணும்?” என்றால், “ஒண்ணுமில்லை.” சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினால் முகம் சுளித்தான், குறைத்தால் அதற்கும் சுளித்தான். சிரிப்பு அறவே நின்றுபோனது. எனக்கில்லாத சிரிப்பு யாருக்கும் வேண்டாம் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். சில சமயம் அவன் தன்னைப் பார்க்காதபோது, அவன் சட்டைக் காலரை எடுத்து மோந்து பார்த்தாள். வியர்வையும் கிரீஸும்தான். பழைய பயம், பழைய வேலை. குடித்த காலத்தில் செய்ததையே குடிக்காதபோதும் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டத்துக்கு வருகிற முடிவெட்டுகிறவர் போன் செய்தார். அவள்தான் எடுத்தாள்.

“டிரைவர் அண்ணன் குடிச்சிட்டார்ம்மா” என்றார். “மூணு நாலு நாளா டிப்போவுக்குப் போகலை. கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறார். என்னை வெளியே போன்னு கத்தறார். உங்க வீட்டுக்காரர் பேச்சைத்தான் கேட்பார்.”

அதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, அதுதான் வந்தது. வெயில் காலத்தில் நெஞ்சில் ஈரத்துணி போட்ட மாதிரி உள்ளே குளுகுளுவென்று இறங்கியது. மறுபிறவி கொடுத்தவராம். பார்த்தாயா உன் அண்ணனை. ஒரு நொடி, இரண்டு நொடி அப்படி இருந்தது. அடுத்த நொடி வேறொன்று வந்து அதை அடித்துப்போட்டது: அத்தனை வருஷம் தொடாமல் இருந்த மனுஷனுக்கே இப்படி என்றால்?

புருஷனிடம் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டினான்.

“அவர் தினமும் போன் பண்ணினது எனக்காக மட்டும்னு நெனச்சியா?” என்றான் பித்தானைப் போட்டபடி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அடித்த மாதிரி இருந்தது.

“நானும் வர்றேன்.”

“எதுக்கு?”

“குடிச்சுட்டிருக்கிற இடத்துக்கு உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்.”

டிரைவர் ஒரு டயர் கடைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தார். அதுவே அவளுக்குத் தெரியாது. பெரிய வீடு, பெஞ்சாதி, பிள்ளைகள் என்று என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தாள். இரும்புப் படி ஏறியதும் ஒரு கதவு. புருஷன் தட்டவில்லை, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, “அண்ணே, நான்தான்” என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் தேய்த்து மாட்டிய யூனிபார்ம். தரையெல்லாம் வாந்தி. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொள்ளப் பார்த்தார். கை சொன்னபடி கேட்கவில்லை.

மேஜை மேல் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம். ஜன்னல் வெயில் அதன் வழியாக விழுந்து மேஜையில் தேன் நிறத்தில் கிடந்தது.

புருஷன் அதைப் பார்த்தான். அவன் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அவளுடைய தொழிலே கண்ணைப் பார்ப்பதுதான். எத்தனையோ பேர் சரியான லென்ஸ் விழுந்ததும் முகம் மலர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். இது அதையெல்லாம் தாண்டிய பார்வை. தொலைந்துபோன ஒருத்தியைச் சந்தையில் எதிர்பாராமல் பார்த்துவிட்டவன் பார்க்கிற பார்வை. கல்யாணத்தன்றைக்குக் கூட அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை நாள் டிரைவர் மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பழையவள் எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறாள், கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில்.

“அதை நீ எடுத்துட்டுப் போ” என்றான் அவன்.

“நீங்களே எடுத்துக் கொட்டுங்களேன்.” வேண்டுமென்றுதான் சொன்னாள். அவன் கொட்டுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“என்னால முடியாது.”

“தொட்டா என்ன?”

“எடுத்தேன்னா வைக்க மாட்டேன்” என்றான். மறைக்காமல், அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். சரியாகிவிட்டதா இல்லையா என்று அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அவன் கொடுத்த முதல் நேரான பதில் அது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அது அவளிடம் சொல்லப்பட்டது, வேறு யாரிடமும் இல்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். களக் களக்கென்று அது இறங்கி முடிய இவ்வளவு நேரமா என்று இருந்தது. வாடை குப்பென்று எழும்பியது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டி நின்றிருந்தான். வாடை அடங்கும்வரை உள்ளே திரும்பவில்லை.

அதன் பிறகு வேலையைப் பார்த்தான். டிரைவரை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். ஈரத்துணியால் வாயைத் துடைத்தான். மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்தான். கீழே ஒரு வாளியை வைத்து, அவருடைய கையை எடுத்து வாளியின் விளிம்பைத் தொடவைத்து, “இங்க இருக்கு பாருங்க, தேட வேண்டாம்” என்றான்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“நீதான்” என்றான் அவன். “நீ செய்வியே. வாளியைத் தொட்டுக் காட்டுவே.”

“உங்களுக்குத்தான் ஒண்ணும் நெனப்பு இருக்காதே?”

“எல்லாம் இருக்கு” என்றான். அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

டிரைவர் அழுதார். “ஏன் அண்ணே?” என்று புருஷன் கேட்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். மத்தியானத்துக்கு மேல் முடிவெட்டுகிறவர் வந்து முறை மாற்றினார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவன் மறுபடி கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். போகட்டுமா என்று கேட்கவில்லை; போகாதே என்று அவளும் சொல்லவில்லை.

டிரைவரை டிப்போவில் பஸ் ஓட்ட விடவில்லை. பழுது பார்க்கிற இடத்தில், சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். மறுபடி ஓட்ட வேண்டுமானால் உடம்பும் கண்ணும் சோதித்துச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அதற்காக ஒரு நாள் அவள் கடைக்கே வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. சட்டை கொக்கியில் மாட்டிய மாதிரி தொங்கியது.

“வேற கடைக்குப் போகலாம்னு பார்த்தேன். அப்புறம் அதுவும் ஒளிஞ்சுக்கிறதுதானேன்னு வந்துட்டேன்” என்றார்.

உட்காரச் சொன்னாள். பிரேமை மாட்டினாள். முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை. கண் விளிம்பில் மஞ்சள் இன்னும் போகவில்லை. லென்சைப் போட்டு, எதிரே இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார்.

“நான் அவரைக் கூட்டத்துக்குப் போகவேண்டாம்னு சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். அவர் கண் லென்சுக்குப் பின்னால் இருந்ததால் கேட்பது சுலபமாக இருந்தது.

“தெரியும். சொன்னான்.”

“அதனாலதான்...”

“அதெல்லாம் இல்லை தங்கச்சி. அந்தப் பாரத்தை நீங்க தூக்காதீங்க. எதனாலயும் இல்லை. அன்னைக்கு டூட்டி முடிஞ்சு இறங்கினேன். வெயில் அடிச்சது, கடை திறந்திருந்தது. இத்தனை வருஷம் ஆச்சே, நமக்கு இனிமே என்னன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

அவள் லென்சை மாற்றினாள். “இது?”

“இது மங்கல்.” எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னும் தெரியும்.”

அவள் அந்த லென்சைக் கழற்றித் துணியால் துடைத்தாள்.

“டீயை ஜன்னல்ல வச்சுட்டுப் போனீங்களே. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. எனக்கும் உங்களைக் கண்டா கொஞ்சம் எரியும்.”

“என்னைக் கண்டா? நான் என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலை. கூட்டம் முடியற நேரம் உங்க வீட்டுக்காரன் கால் ஒரு இடத்துல நிக்காது. ‘அண்ணே வீட்ல காத்திருப்பா’ன்னு ஓடுவான். நான் கடைசி வரைக்கும் இருந்து நாற்காலியை அடுக்கி, விளக்கை அணைச்சு, கதவைப் பூட்டிட்டு மெதுவா நடப்பேன். என் பெஞ்சாதி நான் குடிச்ச காலத்துல போனவ. விட்டுட்டேன்னு போய்ச் சொன்னேன். ‘நல்லது’ன்னா. கதவைச் சாத்திக்கிட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? உங்க வீட்டுல சாப்பாட்டு நேரம் எதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவேன். பின்னாடி தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்.”

சொல்லிவிட்டு அவர் ஒரு மாதிரி சிரித்தார். அவளுக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், அப்படியானால் வேண்டுமென்றேதான் கூப்பிட்டிருக்கிறார் என்று பழைய எரிச்சல் தலை தூக்கியது. இரண்டையும் வைத்துக்கொண்டே அடுத்த லென்சைப் போட்டாள்.

“இது தெளிவா இருக்கா?”

“முன்னாடி இருந்ததுக்கு இது பரவாயில்லை” என்றார்.

சான்றிதழை எழுதிக் கடைக்கு வருகிற கண் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். டிரைவர் அதை நாலாக மடித்து மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அவளும் புருஷனும் காய்கறி வாங்கிக்கொண்டு பொடிநடையாக வந்துகொண்டிருந்தார்கள். தெருமுனையில் மதுக்கடை. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவன் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டான். எப்போதும் அப்படித்தான் செய்வான். இத்தனை நாள் அவள் அதைக் கவனித்ததில்லை, வெயிலுக்காக என்று நினைத்திருந்தாள். அவளும் கடந்து போய் அவனோடு சேர்ந்துகொண்டாள்.

“இப்பத் தோணுதா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

அவன் பையை மறு கைக்கு மாற்றினான். “இப்ப இல்லை. முந்தாநேத்து மத்தியானம் தோணுச்சு. புதுக் கட்டடம், எட்டாவது மாடி. மோட்டார் ரூம்ல தனியா இருந்தேன். யாரோ குடிச்சுட்டுப் போட்ட காலி பாட்டில் ஒண்ணு கிடந்துச்சு.”

“என்ன பண்ணினீங்க?”

“கீழே இறங்கி வந்துட்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரும் அன்னைக்கு அப்படித்தான் இருந்தாராம். ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம்.”

அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. இது போகவே போகாதா என்று தன் மேலேயே அலுப்பாக வந்தது.

“எனக்குப் போன் போட்டிருக்கலாம்.”

“கடையில கஸ்டமர் இருப்பாங்களேன்னு...”

“இருந்தா இருக்கட்டும். கண்ணு தெரியாதவங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாங்க.”

அவன் சிரித்தான். பால்கனியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அதில் பாதி இருக்கும்.

“சரி. அடுத்த தடவை உனக்கும் போடறேன்.”

“உனக்கும்னா? முதல்ல எனக்கு.”

“அது எப்படிம்மா? அந்த நேரத்துல அவருக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும்னு.”

அவள் நாலடி தள்ளி, அவனை முந்திக்கொண்டு நடந்தாள். அவன் வேகமாக வந்து கூட நடந்தான். தக்காளிப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே, ஒரே நிழலில் வீட்டை நோக்கி நடந்தார்கள்.